டயலிசிஸ் நோயாளரிடமும் குடும்பத்தாரிடமும் மனநல ஆய்வு: ஒன்பதாவது கேள்விக்குப் பிறகு என்ன செய்வது?

கேள்வி: திருகோணமலை மாவட்டத்தில் ஒரு வைத்தியசாலையின் டயலிசிஸ் பிரிவில் தாதியாகக் கடமையாற்றுகிறேன். பட்டப்படிப்புக்காக ஓர் ஆய்வு செய்ய வேண்டும். எங்களிடம் வரும் 120 பேரளவிலான நோயாளரிடமும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரிடமும் மனச்சோர்வு எந்தளவு இருக்கிறது என்று பார்க்க விருப்பம். எந்த வினாக்கொத்தைப் பயன்படுத்தலாம்? எத்தனை பேர் போதும்? மனைவியோ மகளோ பக்கத்தில் இருக்கும்போது கேட்கலாமா? "செத்தால் நல்லம் போல கிடக்கு" என்று யாராவது சொன்னால் நான் என்ன செய்வது?

பதில்: நீங்கள் கடைசியாகக் கேட்டதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். மாணவர் ஆய்வுகள் பலவற்றில் அது கடைசியில் நினைவுக்கு வரும் விடயமாக இருப்பதால்தான் ஆட்களுக்குத் தீங்கு நேர்கிறது. மனச்சோர்வை அளக்க அதிகம் பயன்படும் பி.எச்.கியூ-9 (PHQ-9) வினாக்கொத்தின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. நோயாளரும் குடும்பத்தாருமாக 240 பேரைக் கேட்டால் சிலராவது "ஓம்" என்பார்கள். அந்த நேரம் யாருக்குச் சொல்வது, எந்த இலக்கத்துக்கு அழைப்பது, மனநல கிளினிக் இல்லாத நாளில் யார் பார்ப்பார் என்பதெல்லாம் முதல் ஆளைச் சந்திக்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். உங்கள் வைத்தியசாலையின் மனநல வைத்திய நிபுணரிடமோ மனநல மருத்துவ உத்தியோகத்தரிடமோ பேசி, "இப்படி அனுப்பப்படுபவர்களை நாங்கள் பார்ப்போம்" என்று ஒரு கடிதம் வாங்கி, நெறிமுறை மீளாய்வுக் குழுவுக்கான விண்ணப்பத்தோடு இணையுங்கள். அந்தக் கடிதம் கிடைக்காவிட்டால் ஆய்வைத் தொடங்காதீர்கள்.

அந்தக் கேள்விக்கு ஒரு புள்ளி விழுந்தாலே, மொத்தப் புள்ளி எதுவாக இருந்தாலும், அங்கேயே நிறுத்தி மேலும் கேட்க வேண்டும்: எப்படிச் செய்வது என்று யோசித்தீர்களா, அதற்கு ஏதாவது கையில் இருக்கிறதா, எப்போது என்று நினைத்தீர்களா, முன்பு முயன்றதுண்டா. எண்ணம் மட்டும் வந்துபோகிறது, திட்டம் இல்லை என்றால் அன்றைக்கே மருத்துவருக்குத் தெரிவித்து, அடுத்த மனநல கிளினிக்குக்குத் திகதி எடுத்துக் கொடுங்கள். திட்டமோ நோக்கமோ முன்னைய முயற்சியோ இருந்தால் அவரைத் தனியே விடக் கூடாது. கடமையிலிருக்கும் மருத்துவர் வரும்வரை நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வீட்டில் பயிர்நாசினி வைத்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். 1990களின் நடுப்பகுதியில் உச்சத்தில் இருந்த இலங்கையின் தற்கொலை வீதம் பின்னர் இறங்கியதில், அதிக நச்சுள்ள பயிர்நாசினிகளைத் தடைசெய்ததற்குப் பெரிய பங்கு உண்டு. கைக்கெட்டாமல் செய்வது உண்மையில் உயிரைக் காக்கிறது. கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம், ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. "பொலிசுக்குப் போகுமோ" என்று தயங்குபவரிடம், தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றமல்ல என்று சொல்லலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 24 மணிநேர இலக்கம் 1926 அச்சிட்ட துண்டை, என்ன புள்ளி வந்தாலும், எல்லோருக்கும் கொடுங்கள். சிலருக்கு மட்டும் கொடுத்தால் யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதை அந்த அறையே கவனிக்கும்.

டயலிசிஸ் பிரிவுக்கென்று ஒரு நுணுக்கம் இருக்கிறது. "இனி எனக்கு இந்த மெசின் வேண்டாம்" என்ற பேச்சு சாக விரும்புவதாக இருக்கலாம். சிகிச்சையின் களைப்பாக இருக்கலாம். வாரத்தில் இரண்டு மூன்று முறை வந்துபோகும் செலவைப் பிள்ளைகள் மேல் சுமத்துகிறேன் என்ற குற்றவுணர்வாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. ஆகவே படிவத்தில் எண்ணை மட்டும் குறிக்காமல் அவர் சொன்ன வசனத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து இன்னொரு தவறும் பிடிபடும். பல சம்மதப் படிவங்களில் "உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது" என்றும், "தேவைப்பட்டால் சிகிச்சைக்கு அனுப்புவோம்" என்றும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும். யாரென்று தெரியாத ஒருவரை எப்படி அனுப்புவது? வினாக்கொத்தை நிரப்பிப் பெட்டிக்குள் போடச் சொன்னால், அந்த ஒன்பதாவது விடையை மூன்று கிழமை கழித்துத்தான் ஒருவர் பார்ப்பார். பெயரில்லா முறையை விட்டு, குறியீட்டு முறைக்கு வாருங்கள். படிவத்தில் 14-நோ, 14-கு (14ஆம் நோயாளர், அவருடைய குடும்பத்தவர்) என்று இலக்கம் மட்டும் இருக்கட்டும். பெயரையும் இலக்கத்தையும் சேர்க்கும் பட்டியல் வேறொரு பூட்டிய இடத்தில் இருக்கட்டும். சம்மதப் படிவத்தில், "சாவைப் பற்றிய எண்ணமோ உங்கள் உயிருக்கு ஆபத்தோ இருப்பதாகத் தெரிந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்வோம்" என்று தெளிவாக எழுதுங்கள்.

இனி வினாக்கொத்து. பி.எச்.கியூ-9 இலவசம், சிறியது, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. வழக்கமான வெட்டுப்புள்ளி, அதாவது மனச்சோர்வு இருக்கலாம் என்று கொள்ளத் தொடங்கும் எல்லை, 10. உங்கள் நோயாளரிடம் இதில் ஒரு வில்லங்கம்: நித்திரை, களைப்பு, பசி, கவனம், உடலசைவு மந்தம் என்று ஐந்து கேள்விகள், சிறுநீரகச் செயலிழப்பே தனியாகத் தரக்கூடிய அறிகுறிகளைப் பற்றியவை. மனம் தெளிவாக உள்ள ஒருவர் உடல்நோயால் மட்டுமே 10ஐ எட்டிவிடலாம். இதைத் தவிர்க்கவே 1983இல் வைத்தியசாலை நோயாளருக்கென்று ஹாட்ஸ் (HADS) என்ற 14 கேள்வி அளவுகோல் வந்தது. பதகளிப்புக்கு (மனப்பதற்றத்துக்கு) 7, மனச்சோர்வுக்கு 7, உடல் அறிகுறிகள் பெரும்பாலும் விலக்கப்பட்டவை. ஆனால் அதற்கு உரிமம் வாங்க வேண்டும். பணம் இல்லாவிட்டால் பி.எச்.கியூ-9ஐயே எடுத்து, அதன் முதல் இரண்டு கேள்விகளின் புள்ளியைத் தனியாகவும் அறிக்கையிடுங்கள். ஆர்வமிழப்பு, மனம் சோர்தல் என்ற அந்த இரண்டும் உடல்நோயோடு அவ்வளவு குழம்புவதில்லை. 6க்கு 3 என்பது அங்கே வெட்டுப்புள்ளி.

குடும்பத்தாருக்கும் இதே பி.எச்.கியூ-9ஐக் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். பராமரிப்புச் சுமைக்கு 22 கேள்விகள் கொண்ட ஸரிட் (Zarit) வினாக்கொத்தைச் சேர்க்கலாம், எழுத்தில் அனுமதி பெற்று. அதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள். 2004 சுனாமி, 2006 போர்க்கால இடப்பெயர்வு பற்றிய மனவடுக் கேள்விகளை "இருக்கட்டுமே" என்று பின்னால் ஒட்டுவதை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். ஆய்வின் நோக்கத்தில் இல்லாத காயத்தைத் திறந்துவிட்டு, பஸ்சுக்கு நேரமாயிற்று என்று எழுந்துபோக உங்களுக்கு உரிமை இல்லை.

தமிழ் வடிவம் இணையத்தில் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் தமிழ்நாட்டு வழக்கில். உங்கள் ஆட்கள் நித்திரை என்பார்கள், தலையிடி என்பார்கள், மனச்சோர்வை "ஒரே யோசனை", "நெஞ்சுக்குள்ள பாரம்" என்று சொல்வார்கள். நீங்களாகத் திருத்திவிட்டுப் பழைய பெயரிலேயே நடத்தக் கூடாது. திருத்திய வடிவத்தை, மூலத்தைப் பார்க்காத ஒருவர் ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும். வேறுபடும் இடங்களை மனநல வைத்தியர் ஒருவரோடு இருந்து தீர்க்க வேண்டும். பின்பு கிண்ணியா, மூதூர், நகரப் பகுதி என்று வெவ்வேறு பேச்சு வழக்குள்ள ஏழெட்டுப் பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, "இதை என்ன என்று விளங்கிக்கொண்டீர்கள்?" என்று கேளுங்கள். மட்டக்களப்பு போல வேறு மாவட்ட டயலிசிஸ் பிரிவில் இந்தச் சோதனையைச் செய்தால் உங்கள் சிறிய தொகையிலிருந்து ஆட்கள் கழியமாட்டார்கள். கந்தளாய், பதவி சிறிபுர பக்கமிருந்து வரும் சிங்களம் பேசும் நோயாளரை மொழியைக் காரணம் காட்டி விலக்கிவிடாதீர்கள். பி.எச்.கியூ-9இன் சிங்கள வடிவம் இலங்கையில் சரிபார்க்கப்பட்டு 2014இல் வெளியாகியிருக்கிறது. உங்களுக்கு வேண்டியது சிங்களம் பேசும் ஒரு நேர்காணலாளர் மட்டுமே.

எல்லோரிடமும் வாசித்துக் காட்டியே கேளுங்கள். வாசிக்கத் தெரிந்தவர் தானே நிரப்ப, மற்றவரிடம் நீங்கள் கேட்டால் அவை இரு வேறு அளவீடுகளாகிவிடும். "பாதி நாட்களுக்கு மேல்" என்ற விடைதான் அதிகம் குழப்பும். 14 கட்டங்கள் போட்ட ஓர் அட்டையைக் கையில் கொடுத்து, எத்தனை நாள் என்று விரலால் காட்டச் சொல்லுங்கள்.

மனைவி பக்கத்தில் இருக்கும்போது கேட்கவே கூடாது. கணவன் முன்னால் "நான் களைச்சுப்போனன்" என்று சொல்லும் மனைவி அரிது. மனைவி முன்னால் சாவைப் பற்றிப் பேசும் கணவனும் அரிது. உங்கள் பிரிவில் இதற்கு இயல்பாகவே ஒரு வாய்ப்பு இருக்கிறது. நோயாளர் மெசினில் இருக்கும் நான்கு மணிநேரமளவும் குடும்பத்தவர் வெளியே காத்திருக்கிறார். அவரை அந்த நேரத்தில் ஒரு தனியறையில் சந்திக்கலாம். நோயாளரை மெசினில் வைத்துக் கேட்காதீர்கள், அடுத்த கட்டிலுக்கு எல்லாம் கேட்கும். டயலிசிஸ் முடிந்த உடனேயும் வேண்டாம், தலைச்சுற்றும் அசதியும் விடையை மாற்றும். சிறுநீரக கிளினிக்குக்கு வரும் நாள் நல்லது. முப்பது நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். மூதூருக்கோ புல்மோட்டைக்கோ பஸ் பிடிக்க வேண்டியவர் கடைசிப் பத்துக் கேள்விக்கும் ஒரே விடையைத்தான் சொல்வார். தனியே பேசும்போது வீட்டு வன்முறை வெளிப்படுவதும் உண்டு. வைத்தியசாலையில் நட்பு நிலையம் (வன்முறைக்கு ஆளானவருக்கு உதவும் பிரிவு) இருந்தால் அதையும் உங்கள் அனுப்பும் பட்டியலில் எழுதிவையுங்கள்.

யாரைக் குடும்பத்தவர் என்று கொள்வது என்பதையும் முன்கூட்டியே வரையறுங்கள். அன்று கூட வந்தவர் அயலவராக இருக்கலாம், ஓட்டோ ஓட்டும் மருமகனாக இருக்கலாம், மனைவி மத்திய கிழக்கில் இருக்கலாம். "சம்பளம் வாங்காமல் கிழமையில் அதிக நேரம் பராமரிப்பவர், 18 வயதுக்கு மேற்பட்டவர்" என்பது பொருத்தமான வரையறை.

காலத்தைத் தெரிவதில் கவனம் தேவை. நோன்பு மாதத்தில் முஸ்லிம் குடும்பங்களின் நித்திரையும் சாப்பாடும் மாறும். அந்த மாதத்திலும் அதற்குப் பின் இரண்டு வாரத்திலும் எடுத்த புள்ளிகளை மற்றவற்றோடு கலந்தால், மதத்துக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு என்று பொய்யான முடிவு வரும். டிசம்பர் 26ஐ ஒட்டிய நாட்கள் கரையோரக் குடும்பங்களுக்குப் பாரமானவை. மாரி மழையில் தூரத்தவர் வருகை குறையும். மேயிலிருந்து செப்டெம்பர் வரை பொதுவாக வசதியான காலம், நோன்பு அதற்குள் விழாத ஆண்டுகளில்.

எத்தனை பேர்? எத்தனை சதவீதத்தினருக்கு இருக்கும் என்று தெரியாதபோது 50 சதவீதம் என்று வைத்து, 5 சதவீதப் பிழை எல்லைக்குச் சூத்திரம் 385 என்று சொல்லும். உங்கள் மொத்தமே 120 என்பதால் திருத்தம் செய்ய வேண்டும்: 385ஐ 4.2ஆல் வகுத்தால் 92. பத்தில் ஒருவர் மறுப்பார் என்று வைத்து 0.9ஆல் வகுத்தால் 103. 120இல் 103 பேரைத் தெரிந்தெடுப்பதில் அர்த்தமில்லை, எல்லோரையும் கேளுங்கள். குழப்பநிலையில் உள்ளவர், சம்மதம் தரும் நிலையில் இல்லாதவர் மட்டும் விலக்கு.

கணக்கில் மூன்று இடத்தில் சறுக்கும். நோயாளரும் அவருடைய குடும்பத்தவரும் ஒரு சோடி. அவர்களை 240 தனி ஆட்களாக எண்ணி கை-வர்க்கச் சோதனை (chi-square) போடக் கூடாது. ஆம்-இல்லை என்பதற்கு மக்நெமர் சோதனை, புள்ளிகளுக்குச் சோடி டி-சோதனை. அடுத்து, 28 பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினார்கள் என்றால், ஒரு காரணிக்குப் பத்துப் பேர் என்ற பொது விதிப்படி பின்னடைவு (regression) மாதிரியில் இரண்டு அல்லது மூன்று காரணிகள்தான் தாங்கும். பத்துக் காரணிகளைத் திணித்துப் பொருளுள்ளதாய் வந்த ஒன்றைத் தலைப்பாக்காதீர்கள்.

மூன்றாவதுதான் பெரியது. 10 அல்லது அதற்கு மேல் எடுத்தவர் எல்லோரும் மனச்சோர்வு நோயாளர் அல்லர். இந்த வினாக்கொத்தின் 2001 மூல ஆய்வில், நோயுள்ளவரில் 88 சதவீதத்தினரை அது பிடித்தது, நோயற்றவரில் 88 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியது. நூறு பேரில் உண்மையில் பத்துப் பேருக்கு நோய் என்று வையுங்கள். அந்தப் பத்தில் ஒன்பது பேர் பிடிபடுவார்கள். நோயற்ற தொண்ணூறில் பதினொரு பேரும் சேர்ந்து பிடிபடுவார்கள். இருபது பேரில் பாதிக்கு மேல் நோயற்றவர். "30 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு நோய்" என்று எழுதினால் அது தவறு. "30 சதவீதத்தினர் சல்லடையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டினர்" என்று எழுதி, நம்பிக்கை எல்லைகளையும் (confidence limits) கொடுங்கள்.

நீங்கள் அங்கேயே வேலை செய்வதால் சம்மதத்தை நீங்கள் கேட்க வேண்டாம். ஊசி போடும் கைக்கு "மாட்டேன்" என்று சொல்ல நோயாளருக்குத் துணிவு வராது. வேறு பிரிவைச் சேர்ந்த ஒருவர் ஒரு வருகையில் தகவல் தாளைக் கொடுத்து, அடுத்த வருகையில் விடையைக் கேட்கட்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில், வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதி அதன் பின், அதற்கும் பின்புதான் முதல் படிவம். முன்பே சேர்த்த தரவுக்குப் பின்னால் அனுமதி கிடைக்காது.

அறிக்கையில், ஐந்துக்குக் குறைவான ஆட்கள் உள்ள அட்டவணைக் கட்டங்களை அப்படியே அச்சிடாதீர்கள். "குச்சவெளி, 34 வயது, பெண்" என்றால் உங்கள் பிரிவில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். ஊர்ப் பெயரை விட்டுப் பிரதேசமாகவும், வயதைப் பத்து வருட வகுப்புகளாகவும் எழுதுங்கள்.