நாற்பது நாள் குழந்தையுடன் ஏற்காடு ஏறலாமா?

கேள்வி: பிரசவத்துக்காக சேலம் அம்மாப்பேட்டையில் என் அம்மா வீட்டில் இருக்கிறேன். நிறைமாதத்தில் பிறந்த பையன், நாற்பது நாள் ஆகிறது, நன்றாகப் பால் குடிக்கிறான். கணவர் வீடு ஏற்காட்டுக்குப் பக்கத்தில் நாகலூர். பொங்கல் முடிந்ததும் காரில் அழைத்துப் போக வருகிறார்கள். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுப்பான், காது அடைக்கும், குளிர் தாங்கமாட்டான் என்று அம்மா பயப்படுகிறார். மாமியாரோ, "நாங்கெல்லாம் பிள்ளையைத் தூக்கிட்டு பஸ்லயே ஏறினவங்க" என்கிறார். என்ன செய்வது?

பதில்: தாராளமாகப் போகலாம். உங்கள் அம்மா சொல்கிற மூன்றில் வாந்தியும் காதும் பெரிய விஷயமில்லை. குளிரைத்தான் கவனிக்க வேண்டும். அதிலும் குளிரைவிட, குளிருக்குப் பயந்து வீட்டார் செய்கிற காரியங்கள்தான் எனக்குக் கவலை.

முதலில் 45 நாள் ஊசியைப் போட்டுவிடுங்கள். அன்றும் மறுநாளும் லேசாகக் காய்ச்சல் அடிக்கலாம், சிணுங்குவான். அது அடங்கியதும் கிளம்பலாம். தாய் சேய் நல அட்டையைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். அடுத்த தவணையை மலையிலேயே அதைக் காட்டிப் போட்டுக்கொள்ளலாம்.

சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கு இந்த உயரத்தில் மூச்சுப் பிரச்சினை வராது. குறைமாதக் குழந்தை, இதயத்தில் ஓட்டை உள்ள குழந்தை, பிறந்தவுடன் இன்குபேட்டரில் இருந்த குழந்தை என்றால் மட்டும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக்கூடாது.

காதைப் பொறுத்தவரை, ஏறும்போது நடுக்காதில் உள்ள காற்று விரிந்து தானாக வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் வெளியழுத்தம் கூடிச் செவிப்பறையை உள்ளே தள்ளும். எச்சிலோ பாலோ விழுங்கினால் சரியாகிவிடும், அழுதாலும் சரியாகும். அதனால் திரும்பி வரும்போது, வளைவு தாண்டி அகலமான இடமாகப் பார்த்து ஓரிரு முறை வண்டியை நிறுத்திப் பால் கொடுங்கள். ஓடுகிற வண்டியில் வேண்டாம். காதில் பஞ்சு அடைப்பதால் அழுத்தம் குறையாது. எண்ணெய் விடவே கூடாது.

வளைவில் நமக்கு வருகிற குமட்டல் கைக்குழந்தைகளுக்கு அபூர்வம். குடித்த கையோடு மடித்து உட்கார வைத்தால் கக்கத்தான் செய்வான். கிளம்ப அரை மணி நேரம் முன்பே பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் விட வையுங்கள். குமட்டினால் உங்களுக்குத்தான் குமட்டும். லேசாகச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

குழந்தைக்கான கார் சீட் கிடைத்தால் அதுதான் நல்லது. பின் இருக்கையில், பின்பக்கம் பார்த்தபடி பொருத்த வேண்டும். தலை முன்னால் தொங்கித் தாடை மார்பில் முட்டினால் மூச்சு தடைபடும், ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே வரட்டும். நம் ஊரில் பெரும்பாலும் மடியில்தான் வைத்துப் போகிறோம். அது பாதுகாப்பு இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். வேறு வழியே இல்லை என்றால் நீங்கள் பின் இருக்கையில் உட்கார்ந்து உங்களுக்கு மட்டும் பெல்ட் போடுங்கள். குழந்தையையும் சேர்த்துக் கட்டினால், பிரேக் போடும்போது உங்கள் உடல் எடை முழுக்க அவன்மேல் இறங்கும். தை மாதத்தில் காலையிலும் மாலையிலும் பாதையில் பனி மூடும். காலை பத்து மணிக்கு மேல், விடுமுறை அல்லாத நாளாகப் பார்த்துக் கிளம்புவது நல்லது.

இப்போது குளிர். வழக்கமாக நடப்பது இதுதான்: அம்மாப்பேட்டையில் வெயில் ஏறிய நேரத்தில் ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ், மேலே இரண்டு டவல் சுற்றி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிளம்புவார்கள். அடிவாரம் வருவதற்குள் குழந்தை வியர்த்து நனைந்திருக்கும். அந்த ஈரத்தோடு மேலே போய் இறங்கினால் குளிராமல் என்ன செய்யும்? பருத்திச் சட்டையோடு கிளம்புங்கள். ஏற ஏற ஒவ்வொன்றாகப் போடுங்கள். நீங்கள் போட்டிருப்பதைவிட ஒரு அடுக்கு கூட இருந்தால் போதும். கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியிலும் மார்பிலும் கை வைத்துப் பாருங்கள். அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் சரி, பிசுபிசுத்தால் ஒன்றைக் கழற்றுங்கள்.

ராத்திரி ரொம்பக் குளிரினால் குழந்தையை உங்கள் வெற்று மார்போடு அணைத்து இருவருக்கும் சேர்த்துப் போர்த்துங்கள். விழித்திருக்கும்போது மட்டும்தான் இப்படி. தூக்கம் வந்தால் அவனை மல்லாக்கத் தனியாகப் படுக்க வைத்துவிடுங்கள், முகத்தருகே துணி வேண்டாம். நான் கையெடுத்துக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: மூடிய அறையில் கரி அடுப்போ நெருப்புச் சட்டியோ வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே குழந்தையை மட்டுமல்ல, உங்களையும் கொண்டுபோய்விடும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

பிள்ளையைப் பார்க்க ஊரே வரும். கை கழுவிவிட்டுத் தூக்கட்டும், முத்தம் வேண்டாம், சளி இருப்பவர்கள் வாசலில் நின்று பார்க்கட்டும். இதை நீங்கள் சொன்னால் மருமகள் பேச்சாகிவிடும். கணவரைச் சொல்லச் சொல்லுங்கள், பழியை டாக்டர் மேல் போட்டுவிடலாம். நாக்கில் மலைத்தேன் தடவ யாராவது ஆசைப்படுவார்கள். ஒரு வயது வரை தேன் ஆகாது, அதில் இருக்கக்கூடிய கிருமி நரம்பைத் தாக்கும். வசம்பு, கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும்.

ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். இந்த வயதில் 100.4 டிகிரி தொட்டாலே வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, மூச்சு வாங்கும்போது விலா உள்ளே குழிவது, பச்சையாக வாந்தி எடுப்பது, இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வெறும் மூக்கடைப்பு என்றால் டாக்டரைக் கேட்டு உப்புநீர்ச் சொட்டு விடலாம். திரும்பி இறங்கும் நாளில் அப்படி அடைத்திருந்தால், அது விட்ட பிறகு இறங்குங்கள்.