டி-ஷர்ட்ல படம் ஒட்டுறது: கேளுங்க, சொல்றோம்

கேள்வி: பையன் வரைஞ்ச டைனோசரை டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல பிரிண்ட் எடுத்து வெள்ளை டி-ஷர்ட்ல அயர்ன் பண்ணி ஒட்டினேன். சூப்பரா இருந்துச்சு, ஆனா ஒரே துவையல்ல ஓரமெல்லாம் உரிஞ்சிடுச்சு. பேப்பர் மட்டமா?

பதில்: பேப்பரைத் திட்டுறதுக்கு முன்னாடி, எதுமேல வச்சு அயர்ன் பண்ணீங்கன்னு சொல்லுங்க. கட்டில் மேலயோ அயர்னிங் போர்டு மேலயோன்னா அங்கதான் பிரச்சனை, ஏன்னா மெத்துன்னு இருக்கிற இடத்துல நீங்க கொடுக்கிற அழுத்தம் கீழ அமுங்கிப் போயிடும், படத்துக்கு வந்து சேராது. கெட்டியான மேஜை மேல ஒரு பருத்தித் துணியை மடிப்பில்லாம விரிச்சு அதுமேல வைங்க.

டி-ஷர்ட் புதுசுன்னா முதல்ல ஒரு தடவை துவைச்சுடுங்க, கஞ்சிப்பசை போகணும், கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊத்தாதீங்க. ஒட்டுறதுக்கு முன்னாடி வெறும் துணியையும் ஒரு தடவை தேய்ச்சு ஈரத்தை விரட்டணும். அயர்ன் பாக்ஸ்ல தண்ணி இருந்தா கொட்டிடுங்க, ஸ்டீம் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. காட்டன் சூட்டுல வச்சு, சட்டை தேய்க்கிற மாதிரி இழுக்காம, ஒரு இடத்துல வச்சு உடம்பு வெயிட்டோட அழுத்தி, எடுத்து, பக்கத்துல கொஞ்சம் மேல ஏறுற மாதிரி வச்சு திரும்ப அழுத்தணும். ஸ்டீம் வர்ற ஓட்டை இருக்கிற இடத்துல சூடு படாது, அதனாலதான் இடம் மாத்தி மாத்தி வைக்கச் சொல்றேன். எவ்வளவு நேரம்னு பாக்கெட்ல போட்டிருக்கும், பேப்பருக்குப் பேப்பர் மாறும். ஓரத்துக்கும் மூலைக்கும் தனியா ஒரு ரவுண்டு போடுங்க, முதல்ல உரியறது எப்பவும் அதுதான். அதனாலயே படத்தை வெட்டும்போது கூர் மூலை வைக்காம வளைச்சு வெட்டுறது நல்லது.

பேப்பரை உரிக்கும்போது ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்க. படம் பேப்பரோடயே வந்தா அப்படியே திரும்ப படுக்க வச்சு இன்னும் கொஞ்சம் அழுத்துங்க. நல்லா ஒட்டியிருந்தா படத்துக்குள்ள துணியோட நெசவு லேசா தெரியும், பிளாஸ்டிக் தாள் மாதிரி மேல மிதக்காது. சில பேப்பரை சூட்டோட உரிக்கணும், சிலதை ஆறவிட்டு உரிக்கணும், அதுவும் பாக்கெட்லயே இருக்கும். ஒரு நாள் கழிச்சு துவைங்க, உள்பக்கம் வெளிய திருப்பி, பச்சைத் தண்ணில. படத்து மேல நேரா அயர்ன் வச்சுடாதீங்க.

கேள்வி: கருப்பு டி-ஷர்ட்ல ஒட்டினேன், படமே காணோம். எழுத்து வேற கண்ணாடில பார்க்கிற மாதிரி இடம் வலம் மாறி வந்திருக்கு!

பதில்: ரெண்டும் வேற வேற கதைங்க. சாதாரண பிரிண்டர்ல வெள்ளை இங்க்கே கிடையாது, படத்துல வெள்ளையா தெரியறது பேப்பரோட வெள்ளைதான். வெளிர் துணிக்கான பேப்பர்ல ஒட்டுற படலம் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், அதனால பின்னாடி இருக்கிற கருப்பு மொத்தத்தையும் முழுங்கிடுச்சு. அடர் கலர் துணிக்குன்னே தனி பேப்பர் இருக்கு, அதுல வெள்ளை அடுக்கு சேர்ந்தே வரும். பின்தாளை உரிச்சுட்டு படம் மேல பார்க்கிற மாதிரி வச்சு, மேல பட்டர் பேப்பர் போட்டு அழுத்தணும். இதுக்கு மிரர் பண்ணக் கூடாது, அதாவது பிரிண்ட் எடுக்கும்போது படத்தை இடம் வலமா திருப்பக் கூடாது, வெளிர் துணி பேப்பருக்குத்தான் மிரர் பண்ணணும், ஏன்னா அதைக் கவுத்துப் போட்டு ஒட்டுறோம். ஆனா ஒண்ணு, அடர் பேப்பர்ல வெட்டாம விட்டதெல்லாம் வெள்ளையாவே நிக்கும், அதனால பொடி எழுத்து வச்ச டிசைன்னா கத்திரிக்கோலோட மல்லுக்கட்டணும். என்னைக் கேட்டா ஒரு பெரிய படம், வெளிவரி தடிமனா, அது போதும்.

கேள்வி: இங்க்ஜெட் பிரிண்டருக்கான டிரான்ஸ்ஃபர் பேப்பரை ஆபீஸ் லேசர் பிரிண்டர்ல போடலாமா?

பதில்: ஐயோ, வேண்டவே வேண்டாம்! லேசர் பிரிண்டர் டோனரை, அதாவது மைப்பொடியை, சூட்டுல உருக்கித்தான் ஒட்டும், அந்த சூட்டுல உங்க பேப்பர்ல இருக்கிற பூச்சும் உருகி உள்ள ரோலர்ல சுத்திக்கும். லேசருக்குன்னு போட்ட பேப்பர் தனியா இருக்கு, அதை வாங்குங்க.