காட்டுமாட்டுக் கூட்டத்தைப் பிடிக்க அனுமதி வாங்கித் தருகிறேன் என்பவரை நம்பலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் கேரட் போட்டிருக்கிறேன். இரவில் காட்டுமாடுகள் கூட்டமாக இறங்கி அழித்துவிட்டுப் போகின்றன. அவற்றைப் பிடித்து வேறு காட்டில் விட அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அப்படியொரு அனுமதியைத் தரகர் யாராலும் வாங்கித் தர முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுமாடு, மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. மனித உயிருக்கு ஆபத்து என்றால் அதைப் பிடிக்க மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் உத்தரவிடலாம். பயிர்ச் சேதம் அதற்குக் காரணமாகாது. 2011-இல் மத்தியப் பிரதேசத்தில் கன்ஹா காட்டிலிருந்து பாந்தவ்கர் காட்டுக்குக் காட்டுமாடுகளைக் கொண்டுபோனார்களே என்று அவர் சொல்வார். பாந்தவ்கரில் அந்த இனமே அற்றுப்போயிருந்ததால் அரசே எடுத்துச் செய்த வேலை அது. உங்கள் கேரட்டுக்காக யாரும் லாரி அனுப்பப் போவதில்லை.

இது நடக்காவிட்டால் அதே ஆள் அடுத்து 'வேலி போட்டுத் தருகிறேன்' என்று வருவார். அதுதான் பெரிய பொறி. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுத்து மாடு செத்தால், மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வழக்கில் உங்கள் பெயர்தான் இருக்கும், அவர் ஊரிலேயே இருக்க மாட்டார். பேட்டரி மூலம் விட்டு விட்டு அதிர்வு தரும் சோலார் வேலிக்குக்கூட, காட்டை ஒட்டிய நிலமென்றால், 2023 விதிகளின்படி வனத்துறையில் பதிவு வேண்டும். நீங்களே நேரில் போய் விண்ணப்பியுங்கள்.

தற்காப்பு என்று ஒன்று உண்டு, அதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மாடு உங்கள் மேலோ இன்னொருவர் மேலோ பாய்கிறது, உயிரைக் காக்க வேறு வழியில்லை, அப்போது நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமாகாது. தோட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்த மாட்டைத் தாக்குவது தற்காப்பு ஆகாது. துரத்திப் போய் அடிப்பதும் ஆகாது. பட்டாசு போட்டு மிரட்டி, அது திரும்பிப் பாய்ந்த பிறகு தற்காப்பு என்றாலும் எடுபடாமல் போகலாம்.

உங்களுக்கு உள்ள வழி இழப்பீடுதான். சேதமான அன்றே படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். அப்புறம் கிராம நிர்வாக அலுவலர், தோட்டக்கலைத் துறை என்று அலைய விடுவார்கள். புல்வெளியில் வெளிநாட்டுச் சீகை மரமும் தைலமரமும் நட்டு மாடுகளின் மேய்ச்சலைக் கெடுத்தது அரசு. நஷ்டத்தை நிரூபிக்க விவசாயி படியேற வேண்டுமாம்! இந்த அலைச்சலில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். விண்ணப்பத்தை நீங்களே எழுதுங்கள், நகலை மாவட்ட வன அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.