வீட்டுக்குள் பட்ட அடி: பெங்களூரு வாசகர்களுக்குப் பதில்கள்

சிறுவயதில் சொந்த வீட்டிலேயே கொடுமை அனுபவித்தவர்கள் கேட்டவை இவை. நான் இங்கே மனநல ஆலோசகராக இருக்கிறேன்.

கேள்வி (அல்சூர்): அப்பா குடித்துவிட்டு வந்தால் பெல்ட்தான். வாசலில் பைக் நிற்கும் சத்தம் கேட்டதும் தம்பியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். அவர் இறந்து பத்து வருடம் ஆகிறது. இன்றும் யாராவது பைக்கை நிறுத்தினால் கை சில்லிட்டுப்போகிறது. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?

பதில்: இல்லைம்மா. அன்று உங்கள் இருவரையும் காப்பாற்றியதே அந்தச் சத்தம்தான். ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி அதை இன்னும் விடவில்லை. அப்பா இல்லை என்று உங்களுக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. கூடவே 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பு, யாரோடும் ஒட்ட முடியாமை, சட்டென்று பொங்கும் கோபம் இருக்கிறதா? இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இவை சேர்ந்து வருவதை 'சிக்கலான பி.டி.எஸ்.டி' (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறின் ஒரு வகை) என்று, 2022 முதல் நடப்பில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல் தனியாகவே சொல்கிறது. பேச்சு சிகிச்சையில் நன்றாகக் குறையும்.

கேள்வி (ஸ்ரீராமபுரம்): அந்த அடிக்கும் இப்போது வரும் இதய நோய்க்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: இருக்கலாம். 1998இல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா குழு வெளியிட்ட ஆய்வில், சிறுவயதுக் கொடுமைகள் கூடக் கூட மனச்சோர்வு, குடி, தற்கொலை முயற்சி, இதய நோய் எல்லாம் கூடின. பிபி பார்க்கும் டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள்.

கேள்வி (கே.ஆர்.புரம்): எட்டு வயதில் மாமா தப்பாக நடந்தார். அம்மாவிடம் சொன்னேன். 'வாயை மூடு, மானம் போகும்' என்றார். மாமாவைவிட அம்மா மேல்தான் கோபம் அதிகம். இது சரியா? அடுத்த மாதம் மாமா வீட்டில் கல்யாணம்.

பதில்: சரிதான். ஓடிவந்த குழந்தைக்கு இருந்த ஒரே கதவையும் அடைத்துவிட்டார்கள். என்னிடம் வருபவர்களில் பலர் உடைந்து அழுவது இந்த இடத்தில்தான். அம்மாவை மன்னித்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது உங்கள் இஷ்டம். கல்யாணத்துக்குப் போக வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். மொய்க் கவரை யாரிடமாவது கொடுத்தனுப்பினால் போதும். அப்புறம், மாமாவால் இன்று வேறு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி புகார் சொல்லியே ஆக வேண்டும்.

கேள்வி (ஜாலஹள்ளி): கன்னடம் அவ்வளவாக வராது. எங்கே போவது?

பதில்: ஓசூர் சாலை நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமா? அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலிமானஸ் 14416, இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். முதல் தடவை பேச்சு வராமல் அழுகை மட்டும் வரும். பரவாயில்லை, போனை வைத்துவிடாதீர்கள்.