ஃபெரிட்டின் 22: டானிக் கொடுக்கலாமா?

கேள்வி: என் எட்டு வயது மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் உள்ள குறைபாடு) இருப்பதாக மருத்துவர் கூறியிருக்கிறார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.1, ஃபெரிட்டின் 22 என்று வந்தது. இரும்புச்சத்து ஏறினால் பிள்ளை அடங்கிவிடுவான் என்று என் நாத்தனார் டானிக் வாங்கி வந்திருக்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு தாய், மன்னார்குடி அருகே

பதில்: சகோதரி, உங்கள் நாத்தனார் சொல்வது முற்றிலும் ஆதாரமற்றதன்று, ஆனால் பாட்டிலைத் திறக்க அது போதாது.

ஃபெரிட்டின் என்பது உடலில் சேமிப்பாக உள்ள இரும்பின் அளவைக் காட்டுவது; களத்தில் நெல் கிடந்தாலும் குதிர் காலியாக இருக்கலாம் என்பதுபோல, ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே சேமிப்பு குறைந்திருக்கலாம். மூளையில் கவனத்துக்கு உதவும் டோபமின் என்ற வேதிப்பொருள் உருவாக இரும்பு தேவை என்பதால்தான் மருத்துவர்கள் இதைக் கவனிக்கிறார்கள். 2004-இல் வெளியான பாரிஸ் ஆய்வொன்றில், ஏ.டி.எச்.டி. உள்ள 53 குழந்தைகளின் சராசரி ஃபெரிட்டின் 23 ஆகவும், மற்ற 27 குழந்தைகளின் சராசரி 44 ஆகவும் இருந்தன. அளவு குறையக் குறைய அறிகுறிகளின் கடுமை கூடியதும் தெரிந்தது. அதே குழுவினர் 2008-இல், ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்த 23 குழந்தைகளை 12 வாரம் ஆராய்ந்தபோது, இரும்பு உட்கொண்டவர்களிடம் ஏ.டி.எச்.டி. அறிகுறிகளை அளக்கும் ஓர் அளவுகோலில் முன்னேற்றம் தெரிந்தது. பெற்றோரும் ஆசிரியர்களும் நிரப்பிய படிவங்களிலோ அது உறுதிப்படவில்லை. 23 பேரை வைத்து நான் தீர்ப்பு எழுதமாட்டேன்.

ஆகவே, பல குழந்தைகளிடம் பொதுவாகத் தெரிந்ததை வைத்து, 22 என்ற ஒரே எண்ணைக் கொண்டு உங்கள் மகனின் ஏ.டி.எச்.டி. எவ்வளவு கடுமையானது என்று சொல்லிவிட முடியாது. அதை வீட்டிலும் வகுப்பறையிலும் அவன் நடந்துகொள்ளும் விதத்தை வைத்தே அறிய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 15-க்குக் கீழே போனால்தான் பற்றாக்குறை. அதே சமயம், காய்ச்சலோ சளியோ இருக்கும்போது ரத்தம் எடுத்திருந்தால், உண்மை நிலையைவிட எண் கூடுதலாகவே காட்டியிருக்கும். இதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

வயலிலும் வாய்க்கால் கரையிலும் செருப்பில்லாமல் திரியும் பிள்ளையாயின், கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பள்ளியில் தரும் அல்பெண்டசோல் என்ற குடற்புழு நீக்க மாத்திரையை விழுங்கினானா, சட்டைப்பையில் வைத்திருந்தானா என்று கேளுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் காபிப் பழக்கம் உண்டு. சாப்பாட்டோடு சேரும் காபியும் தேநீரும் கீரையிலுள்ள இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும். முருங்கைக்கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் அது நன்றாகச் சேரும்.

டானிக்கின் அளவைப் பிள்ளையின் எடையைப் பார்த்து மருத்துவரே முடிவு செய்யட்டும். இனிப்பாக இருக்கிறதென்று பிள்ளைகள் பாட்டிலோடு குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சொல்லும்வரை பாட்டிலை அவன் கைக்கெட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். மருத்துவர் கூறியுள்ள நடத்தைப் பயிற்சியையும் மருந்தையும் இதற்காக நிறுத்த வேண்டாம்.