பந்து ஏன் வலப்பக்கமே வளைகிறது?

கேள்வி: வலக்கையால் கோல்ஃப் ஆடுபவன் நான். நீண்ட தூரத்துக்கு அடிக்கும் மட்டையான டிரைவரில் அடித்தால் பந்து நேராகக் கிளம்பி, பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடுகிறது. இடப்பக்கம் குறிவைத்தால் இன்னும் மோசம். மொட்டை மாடியில் வலை கட்டிப் பழகுகிறேன். மைதானத்தில் ஆடுவது சென்னைக்குப் போகும்போதுதான். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: இதுதான் ஸ்லைஸ். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் கிளப்பின் (மட்டையின்) முகம், அதாவது பந்தில் படும் பக்கம், தீர்மானிக்கிறது. முகம் பார்க்கும் திசைக்கும் கிளப் வரும் பாதைக்கும் உள்ள வித்தியாசம்தான் பந்தை வளைக்கிறது. உங்கள் பந்து நேராகக் கிளம்புவதால் முகம் ஏறக்குறைய சரியாகவே இருக்கிறது. கிளப்தான் வெளியிலிருந்து உள்ளே, அதாவது பந்துக்கு அப்பாலிருந்து உங்கள் பக்கமாக, வெட்டிக்கொண்டு வருகிறது. இடப்பக்கம் குறிவைத்தால் தோளும் அங்கே திரும்பி, அந்த வெட்டு கூடிவிடும். அதை இன்றே விட்டுவிடுங்கள்.

பிடியை மாற்றச் சொல்பவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். உங்களுக்கு முதல் வேலை அதுவல்ல, பாதைதான். நீங்கள் நிற்கும் பக்கத்துக்கு எதிரே, பந்துக்கு அந்தப் பக்கம், இலக்குக்கு எதிர்த்திசையில் சற்றுப் பின்தள்ளி, கிளப் உறை ஒன்றை வையுங்கள். முதலில் 7 அயர்னில் (டிரைவரைவிடக் குட்டையான இரும்புத் தலை மட்டை), நிதானமாக, உறையில் படாமல் அடியுங்கள். டிரைவருக்குப் பந்து இடது குதிகாலுக்கு நேராக இருக்கட்டும். அதற்கும் முன்னால் போனால் தோள் இடப்பக்கமாகத் திறந்துகொள்ளும்.

வலைக்குள் வளைவு தெரியாது. அதனால் டிரைவர் முகத்தில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவிப் பாருங்கள். பந்து பட்ட தடம் ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) பக்கமாக விழுந்தால், அதுவும் பந்தை வலப்பக்கம் வளைக்கும். அப்போது அரை அங்குலம் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லமாட்டேன். முதலில் வேகத்தைக் குறைத்து, நடுவில் படுகிறதா என்று பாருங்கள்.