கார்பைன் கேள்விகள்: தோளும் கண்ணும்

கேள்வி: சுடுதளத்தில் இரண்டு கார்பைன்களை (குட்டையான, இலகுவான நீள்துப்பாக்கிகளை) சுட்டுப் பார்த்தேன். ஒன்று 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடுவது, மற்றது 5.56 மி.மீ. ரைஃபிள் தோட்டாவைச் சுடுவது. எடை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 9 மி.மீ. கார்பைன்தான் தோளில் அதிகம் இடித்தது. இது என் பிரமையா?

பதில்: பிரமை இல்லை. 9 மி.மீ. கார்பைன்களில் பெரும்பாலானவற்றில் போல்ட் (தோட்டாவின் பின்புறத்தை அடைத்து நிற்கும் இரும்புத் துண்டு) எதனுடனும் பூட்டிக்கொள்வதில்லை. அதன் கனமும் பின்னாலுள்ள சுருள்வில்லும்தான் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குகின்றன. அந்தக் கனமான இரும்பு பின்னால் போய் மோதி, மறுபடி முன்னால் வந்து அடிக்கிறது. 5.56-இல் போல்ட் பூட்டிக்கொள்கிறது. வாயு அழுத்தம்தான் அதைத் திறக்கிறது. அதனால் இடி மென்மையாகத் தெரிகிறது.

கார்பைனைத் தேர்ந்தெடுக்கும்போது, எடை எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். 1941-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட எம்1 கார்பைன் சுமார் 2.4 கிலோதான், குழல் மெலிது, முன்பாரம் குறைவு. மெலிந்த குழல் சீக்கிரம் சூடாகும் என்பதையும் மறக்க வேண்டாம். தளப் பொறுப்பாளரின் அனுமதியோடு, துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, இலக்கை நோக்கி ஒரு நிமிடம் பிடித்து நில்லுங்கள். முனை தாழத் தொடங்கினால் அது உங்களுக்கானது அல்ல.

கேள்வி: எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. குழல் முனையிலுள்ள முன்குறி மங்கலாகத் தெரிகிறது. ரெட் டாட் (கண்ணாடியில் ஒளிப்புள்ளியைக் காட்டும் குறிநோக்கி) பொருத்தினால் சரியாகும் என்றார்கள். ஆனால் புள்ளி நட்சத்திரம்போல் சிதறித் தெரிகிறது. கருவி பழுதா?

பதில்: பெரும்பாலும் கருவியில் கோளாறு இருக்காது. துப்பாக்கியைக் காலி செய்து மேசையில் வைத்து, கைபேசிக் கேமரா வழியாக அந்தப் புள்ளியைப் பாருங்கள். கேமராவில் வட்டமாகத் தெரிந்தால், உங்கள் கண்ணில் சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) இருக்கிறது என்று கொள்ளலாம். கண் மருத்துவரைப் பார்த்து, அதற்கான கண்ணாடி அணிந்து மறுபடி முயலுங்கள். வெளிச்ச அளவைக் குறைத்தாலும் சிதறல் அடங்கும். பலர் தேவைக்கு மேல் பிரகாசமாக வைத்துக்கொண்டு அவதிப்படுகிறார்கள்.

அப்படியும் சரியாகாவிட்டால் பிரிஸம் (முப்பட்டகம் வைத்த) வகைக் குறிநோக்கிக்குப் போங்கள். அதில் குறி கண்ணாடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். உங்கள் பார்வைக்கு ஏற்பக் கண்பக்க வளையத்தைத் திருகிக்கொள்ளலாம்.

செலவு செய்யும் முன் துளைக்குறியை ஒருமுறை முயன்று பார்க்கும்படி மனதார வேண்டுகிறேன். சிறு துளை வழியே பார்க்கும்போது முன்குறியும் இலக்கும் ஒருசேரத் தெளிகின்றன. நடுத்தர வயதைத் தாண்டிய கண்ணுக்கு அது பெரிய நிம்மதி.

1-6 மடங்கு தொலைநோக்கி நல்ல கருவிதான். ஆனால் தாங்கியோடு சேர்த்தால் அரைக் கிலோவுக்கு மேல் ஏறிவிடும். இலகுவான கார்பைனைத் தேடி வாங்கிவிட்டு இதை ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. 50 மீட்டருக்குள் சுடுவதானால் 2 எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) அளவுள்ள ரெட் டாட் புள்ளியே போதும், 100 மீட்டரில் அது மறைப்பது சுமார் 6 செ.மீ.தான்.

கேள்வி: 50 மீட்டரில் சரிசெய்த ரெட் டாட், 10 மீட்டரில் தாழ அடிக்கிறதே?

பதில்: ஏ.ஆர். வகைக் (ஏ.ஆர்.-15 துப்பாக்கியின் வடிவமைப்பைப் பின்பற்றும்) கார்பைனில் புள்ளி குழலுக்கு மேலே ஆறேழு செ.மீ. உயரத்தில் இருக்கிறது. 10 மீட்டரில் குண்டு அந்த உயரத்தை இன்னும் எட்டியிருக்காது. சுமார் 5 செ.மீ. தாழப் படும். ரெட் டாட்டின் சரிசெய்யும் திருகைத் தொடாதீர்கள். அவ்வளவு மேலே வைத்துச் சுடுங்கள்.